நாய்க்குட்டிக்கு இன்ஷூரன்ஸ்

1

பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கி இந்தப் பங்குனியோடு பதினாறு வருஷம் நிறைகிறது. இத்தனை வருஷத்தில் உன்னை வாயடைத்து நிற்கவைத்தது எது என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், கொடிமலைக்குக் கம்பியில் ஏறிப்போகும் ரயிலைச் சொல்லலாம். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைச் சொல்லலாம். நான் ஒரு காகிதத்தைத்தான் சொல்வேன். அலுவலகத்தில் என் மேஜைமேல் இருந்த விண்ணப்பத் தாள் அது. விண்ணப்பதாரர் பெயர் என்ற கோட்டின்மேல் என் மகள் மோனிக்காவின் கையெழுத்து இருந்தது. பிராணி என்ற இடத்தில் நாய் என்று எழுதியிருந்தாள். இனம் என்ற இடத்தில், பினாங்கு.

நான் கடற்கரைத் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்பவரைத்தான் இங்கே கிராணி என்கிறார்கள். எனக்கு இன்ஷூரன்ஸ் பிரிவில் வேலை. கப்பல், சரக்கு, கிட்டங்கி, அரிசி ஆலை, சில சமயம் பந்தயக் குதிரை. இவற்றுக்கு வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் இங்கிலீஷில் வரிசையாக டைப் அடிப்பது என் பிழைப்பு.

இன்ஷூரன்ஸ் என்றால் என்ன என்று ஊரில் பலருக்கும் இன்னும் விளங்கவில்லை என்பது கடிதங்களிலிருந்து தெரிகிறது. எனக்கு அது விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கப்பலுக்கு வெங்காய மூட்டை ஏற்றிப்போன தோணி ஒன்று அலைவாயில் கவிழ்ந்தது. சரக்கின் சொந்தக்காரர் வெள்ளை வேட்டியோடு மணலில் வந்து உட்கார்ந்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தோம். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் சுமத்ராக் கரையோரம் ஒரு கப்பல் மூழ்கியது. சரக்குக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையெழுத்துப் போட்டார், காப்பி குடித்தார், அடுத்த கப்பலுக்கு இடம் கேட்டார். நடுவே இருந்தது ஒரு காகிதம் மட்டும். அன்றைக்கு எனக்கு உண்டான திகைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

2

நாய்க்குட்டி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, நானும் என் மனைவி லூர்தும் மோனிக்காவும் டிராம் ஏறி ஆயர் ஈத்தாமில் பாசார் என்கிற சந்தைக்குப் போனோம். மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கீரை அங்கே வாடாமல் கிடைக்கும். லூர்து கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை விற்ற ஹொக்கியன் சீனத்தி தன் பலகைக்கு அடியில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருந்தாள். மோனிக்கா அதன் முன் குந்தியிருந்தாள்.

சிறிது நேரத்தில் சீனத்தியும் மோனிக்காவும் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மகள் ஹொக்கியன் பாஷை பேசிக்கொண்டிருந்தாள். ஓரிரண்டு சொல் இல்லை. கேள்வி, பதில், கேலி எல்லாம். அவளுக்குப் பதினொரு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறாள், தெருவில் மலாய் பேசுகிறாள், செபம்கூட இப்போது பாதி இங்கிலீஷில் சொல்கிறாள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். இந்த நாலாவது பாஷை எப்போது வீட்டுக்குள் வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

"அப்பா, இந்தக் குட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க."

"யாரு?"

"இவங்கதான்லா. கால் சரியில்லாத குட்டி, யாரும் கேக்கலையாம்."

லூர்து கீரையைக் கீழே வைத்தாள். "நாயா? வீட்டுக்குள்ளயா? நல்லாருக்கே கதை!"

சீனத்தி குட்டியைத் தூக்கி மோனிக்காவின் கையில் வைத்துவிட்டாள். காசு வேண்டாமென்று கையை ஆட்டினாள். கரிக்கட்டை போன்ற குட்டி. இடது பின்னங்கால் கொஞ்சம் இழுத்தது. மோனிக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் தோற்றேன்.

டிராமில் நாயை ஏற்ற கண்டக்டர் சம்மதிக்கவில்லை. லூர்து கீரையோடு ஏறிப் போய்விட்டாள். நானும் மோனிக்காவும் வீடுவரை நடந்தோம். பாதி வழியில், ஒரு பெரிய மரத்தடியில், குட்டியின் உடம்பு கட்டைபோல விறைத்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை வந்தது. மோனிக்கா அதைத் தரையில் கிடத்திவிட்டுக் கையைப் பிசைந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தலையை உதறி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் அவள் பாவாடையை முகர்ந்தது.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம்பா," என்றாள்.

நானும் சொல்லவில்லை.

கறுப்பன் என்று பெயர் வைக்கலாமென்றேன். ஈத்தாம் என்று வைத்தாள். மலாயில் கறுப்பு என்று அர்த்தம். அது வந்த ஊரின் பெயரிலும் அதே சொல்தான். நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் ஏழெட்டு நாய்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கும் பெயர் கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. இருக்கும், ஒருநாள் இல்லாமல் போகும், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே ஒரு வாரத்துக்குள் எங்கள் வீட்டு நாய் மலாயில் கூப்பிட்டால் வந்தது, இங்கிலீஷில் சொன்னால் உட்கார்ந்தது. தமிழ் தெரிந்த ஒரே வேளை சோற்று வேளைதான். ஏனென்றால் அப்போது அதட்டுவது லூர்து.

3

அந்தச் சமயம் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில், நாய்வெறி கண்டிருக்கிறது என்று பேச்சு வந்தது. உடனே தீவிலும் கட்டளை பிறந்தது. ஒவ்வொரு நாய்க்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், கழுத்தில் தகடு தொங்க வேண்டும், தெருவில் போனால் வாய்க்கூடு மாட்டியிருக்க வேண்டும். இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடுவார்கள்.

லைசென்ஸ் எடுக்க நானும் மோனிக்காவும் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சட்டைக்காரர், வெள்ளைக்காரக் கலப்பு வம்சத்தவர், மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இனம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

'கன்ட்ரி' என்றேன். ஊர்நாய் என்பதற்கு எனக்குக் கிடைத்த சொல் அது.

"எந்தக் கன்ட்ரி?"

நான் விழிப்பதைப் பார்த்து மோனிக்கா கம்பி வழியாக எட்டி, "பினாங்கு" என்றாள். அவர் யோசித்தார், அப்படியே எழுதிக்கொண்டார். உரிமையாளர் யார் என்றதற்கும் அவளே "நான்" என்றாள். சிறுபிள்ளை பேரில் தர முடியாது என்றார். தன் பெயர் இல்லாத தாளை வாங்கமாட்டேன் என்று அவள் நகரவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவர் என் பெயரை எழுதி, அதற்குமேல் அவள் பெயரையும் எழுதி, 'இவளுக்காக இவர்' என்று நடுவில் ஒரு சொல் போட்டுக் கொடுத்தார். பதினாறு வருஷமாக இங்கே எத்தனையோ ஜன்னல்களின் முன் நின்றிருக்கிறேன். எந்த ஜன்னலிலும் நான் இப்படிப் பிடிவாதமாக நின்றதில்லை.

அன்று சாயங்காலம் லூர்து தன் கவலையைச் சொன்னாள். வலதுபக்க வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இடதுபக்க வீட்டு மலாய்க்காரர் தொழுகைக்குப் போகிற மனிதர், நாய் அவர்மேல் பட்டாலே சங்கடம்.

"யாரையாவது கடிச்சு வச்சா நாம என்ன பண்றது? அக்கம்பக்கத்துல தலை காட்ட முடியுமா? ஊரான் வீட்டுக் கப்பலுக்கெல்லாம் எழுதிக் குடுக்குறீங்களே, இதுக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

4

எங்கள் பிரிவுக்குத் தலைவர் பெர்ரி துரை. அதிகம் பேசாத மனிதர். நான் தயங்கித் தயங்கி லூர்து சொன்னதைச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரிப்பாரென்று எதிர்பார்த்தேன். அவர் அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார்.

"இது ஒன்று. பிராணி இறந்தால் அதன் மதிப்பைக் கொடுப்போம். குதிரைக்கும் உயர்ந்த ஜாதி நாய்க்கும் எழுதுவது. இது இன்னொன்று. உன் பிராணி பிறருக்குத் தீங்கு செய்தால், நீ கொடுக்க வேண்டியதை நாங்கள் கொடுப்போம். ஏதாவது ஒன்றுக்கு உன் சம்பளம் தாங்கும். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று முதலில் முடிவு செய். அதுதான் பாலிசி."

பதிமூன்று வருஷம் இந்த வேலை பார்த்தும் எனக்கு யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இரண்டு தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பிட்ட பிறகு மேஜைமேல் விரித்து வைத்து விளக்கினேன். லூர்து யோசிக்கவே இல்லை. பிறருக்குத் தீங்கு வந்தால் கொடுக்கிற தாளைத் தொட்டு, "இதான்" என்றாள். எனக்கு மற்றது பிடித்திருந்தது. கால் இழுக்கிற குட்டி, வலிப்பு வந்த குட்டி. அதிக நாள் தங்காது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். இப்படி ஒரு நினைப்போடு காப்பு எழுதுவது முறையல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

மோனிக்கா முதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஈத்தாம் செத்துப்போனா காசு குடுப்பாங்களா?"

"ஆமா."

"அந்தக் காசை வச்சுக்கிட்டு நான் என்னப்பா செய்றது?"

"வேற குட்டி வாங்கலாம்."

"வேற குட்டி ஈத்தாம் இல்லையே." தாளை மறுபடி திருப்பினாள். "அவனுக்கு உடம்பு சரியில்லன்னா டாக்டர் மருந்து எல்லாம் அவங்க பாத்துக்கற மாதிரி, சாகாம பாத்துக்கற மாதிரி ஒரு இன்ஷூரன்ஸ் இல்லையா?"

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா."

"ஏன்?"

கப்பல் மூழ்கினால் கொடுக்கிறோம். மூழ்காமல் இருக்க யாரும் கேட்டதில்லை என்று சொல்லலாமா? அது சரியான பதிலாகத் தோன்றவில்லை.

இருந்தாலும் அந்த முதல் தாளைத் தானே நிரப்புவேன் என்றாள். நாய் அவளுடையது, ஆகவே விண்ணப்பமும் அவளுடையதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் சொன்னேன். ஐந்தாவது கேள்வி: பிராணி இப்போதும் இதற்கு முன்பும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்ததா?

"ஆமான்னு போடு," என்றேன். லூர்து கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன்.

"அன்னிக்கு வழியில வந்துச்சே, அது?"

"ஒரு தரம்தானே. அதுக்கப்புறம் வரலை. எழுதினா தரமாட்டாங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கேக்காததையும் சொல்லணும், அதுதான் இன்ஷூரன்ஸுக்கு முதல் விதின்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். வேலையைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும்போது எப்போதோ சொன்னது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவன் ஒன்றையும் மறைக்கக் கூடாது, அந்த நம்பிக்கைமேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது என்று. எத்தனை வியாபாரிகள் அந்த விதியைப் பாதி விழுங்கிவிட்டு எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் இரண்டு வரிக்கான இடத்தில் ஆறு வரி எழுதினாள். கடைசியில், கம்பெனி அறிய வேண்டிய வேறு செய்தி என்ற இடத்தில், என்னிடம் கேட்ட கேள்வியையே எழுதி வைத்தாள்.

மறுநாள் நான் அந்தத் தாளை மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்தேன். என் கையாலேயே அன்றைய தேதி முத்திரையைக் குத்தி துரையின் தட்டில் வைத்தேன்.

5

பத்து மணிக்கு அவர் தட்டை எடுத்தார். பதினொன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இதை எழுதியது உன் மகளா?"

"ஆமாம் சார்."

"நீ சொல்லி எழுதினாளா?"

"இல்லை சார்." பிறகு ஏனோ அதையும் சொல்லிவிட்டேன். "நான் எழுத வேண்டாமென்று சொன்னேன்."

துரைக்குக் கோபம் இல்லை. "இந்தத் தீவில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்மையான விண்ணப்பம் எனக்கு வந்ததில்லை," என்றார். "ஆகையால் இதை நான் மறுக்கத்தான் வேண்டும். மற்ற பாலிசியை எழுதிக் கொடு. அது உன் மனைவி கேட்டதுதானே?"

நான் தலையசைத்துத் திரும்பினேன். அவர் மீண்டும் கூப்பிட்டார். தாளின் அடியில் விரலை வைத்திருந்தார்.

"இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. லண்டனுக்கு எழுது."

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பினாங்கில் ஒரு விண்ணப்பதாரர், தம் நாய் இறந்தபின் ஈடு பெறுவதைவிட, நோயுற்ற காலத்தில் சிகிச்சைக்கு உதவி பெறவே விரும்புகிறார். அத்தகைய காப்பு வழங்க இயலுமா? அதே தபால் பையில் தகரச் சுரங்கங்களையும் ரப்பர் ஏற்றும் கப்பல்களையும் பற்றிய கடிதங்கள் இருந்தன. ஆயர் ஈத்தாம் கீரைக்கடைக்கு அடியில் கிடந்த குட்டியும் அவற்றோடு சேர்ந்து கடல் கடந்தது. தபால் கப்பல் ஊதிய சத்தம் என் மேஜைவரை கேட்டது. கையை டைப் பொறிமேல் வைத்தபடியே அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

6

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து தெரு முனைக்கு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். "கீலா! அஞ்சிங் கீலா!" என்று யாரோ கத்தினார்கள். பைத்தியம், பைத்தியம் பிடித்த நாய் என்று அர்த்தம்.

ஈத்தாமுக்கு மறுபடியும் வலிப்பு வந்திருக்கிறது. இந்த முறை தெருவில், எல்லோர் கண் முன்னால், வாய்நுரையோடு. வாய்க்கூடு மாட்டியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, சுற்றிக்கொண்டிருந்த நாய் பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரர். கூடவே கால்நடை ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கு உதவும் டிரஸ்ஸர், கந்தையா என்கிற யாழ்ப்பாணத்துக்காரர்.

கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன். குளிக்கும் அறையில் நாயை வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு லூர்து உட்கார்ந்திருந்தாள். அந்த நாயை ஒருநாளும் கையால் தொட்டறியாத லூர்து. மோனிக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை.

கந்தையா என்னைத் தனியே கூப்பிட்டார். "கிராணியார், எனக்கு இது வெறி மாதிரித் தெரியேல்லை. ஆனா வலிப்பும் நுரையும் கண்டால் சுடச்சொல்லித்தான் கட்டளை. முந்தியும் இப்பிடி வந்ததோ?"

"வந்துச்சு. வாங்கின அன்னிக்கே."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நாயைக் காப்பாத்த வேணுமெண்டால் ஆரும் சொல்லுவினம். எழுத்திலை ஏதும் இருக்கோ?"

இருந்தது. மோனிக்கா நிரப்பிய விண்ணப்பத் தாள் நினைவுக்கு வந்தது. "ஆபீஸ்ல இருக்கு," என்றேன்.

"அரை மணித்தியாலம் நான் பொறுக்கலாம். என்ரை சைக்கிளை எடுங்கோ."

சைக்கிள் மிதித்துப் பல வருஷமாகிவிட்டது. ரிக்ஷாக்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவில் எப்படிப் போனேனோ தெரியாது. சனிக்கிழமை மதியம், கடற்கரைத் தெருவில் கதவுகள் மூடியிருந்தன. எங்கள் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. பெர்ரி துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நான் பாதி சொல்வதற்குள் அவர் அலமாரிச் சாவியை எடுத்துவிட்டார். தாளை அவரே தேடி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கம்பெனிக் காகிதம் வெளியே போகக் கூடாது," என்றார். "நான் பார்க்கவில்லை. போ."

திரும்பி வந்தபோது அரை மணி தாண்டியிருந்தது. வெடிச் சத்தம் ஏதாவது காதில் விழுமோ என்று கேட்டுக்கொண்டே தெருவில் நுழைந்தேன். உள்ளே துப்பாக்கிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. லூர்து ஊற்றிக் கொடுத்த மூன்றாவது கோப்பை அது. "காசியான்," என்று அவர் மோனிக்காவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் என்று அர்த்தம்.

கந்தையா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் தேதி முத்திரையைப் பார்த்தார். பிறகு மோனிக்கா எழுதியதை வாய்விட்டுப் படித்து எல்லோருக்கும் தமிழில் சொன்னார்.

"எங்கடை வீட்டுக்கு வந்த முதல் நாள், வழியிலை அவனுக்கு ஒருக்கா வலிப்பு வந்தது. வாயிலை நுரை வந்தது. கொஞ்ச நேரத்திலை எழும்பிட்டான். ஏனெண்டு எனக்குத் தெரியாது. மழை நாளிலை இடது பின்னங்கால் இழுக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெறி பிடிச்ச நாய் ரெண்டு மாசம் உயிரோடை இருக்காது. பத்து நாளே தாங்காது. இது வயித்துப் பூச்சியாத்தான் இருக்கும். சுட வேண்டாம். கூட்டிலை பத்து நாள் வைச்சுப் பாப்பம்."

அதையே மலாயிலும் சொன்னதும் துப்பாக்கிக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எங்களுடையதைவிடக் குறைவில்லை.

லூர்து மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முதல் நாளேவா? வழியிலயேவா?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

நான் சொன்னபடி 'ஆம்' என்று ஒரு சொல்லை மட்டும் மோனிக்கா எழுதியிருந்தால், அந்த நாய் அன்று பிற்பகலே செத்திருக்கும். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். ஆபத்துகளை வரிசைப்படுத்துவதே என் தொழில். எந்த ஆபத்தும் நான் நினைத்த திசையிலிருந்து வரவில்லை. காப்பு வந்த திசையும் அப்படித்தான்.

7

பத்து நாளும் ஈத்தாம் ஆஸ்பத்திரிக் கூட்டில் இருந்தது. மோனிக்காவுக்குப் பள்ளி, எனக்கு வேலை. முதல் நாள் சாயங்காலம் நான் போனபோது கந்தையா, "உங்கடை வீட்டுக்கார அம்மா மத்தியானமே வந்திட்டுப் போட்டா," என்றார். நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் மதிய வேளையில் அனுமதி கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். லூர்து தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, நீளப்பிடிக் கரண்டியால் உள்ளே தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூச்சி மருந்து கொடுத்திருந்ததால் நாய் சோர்ந்து கிடந்தது. "குடி, சனியனே, குடி," என்று திட்டினாள். அது நக்கியது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். நான் தூணுக்குப் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் திரும்பினேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் நான் அறியாத ஓர் அறை இருந்தது. அதன் கதவு திறந்திருந்தபோது நான் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் ஈத்தாம் நடந்தே வீடு வந்தது. அதற்குப்பின் வலிப்பு வரவில்லை. கால் மட்டும் மழைக்கு இழுக்கிறது.

8

லண்டன் பதில் சென்ற வாரம் வந்தது. துரை அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நல்ல தடித்த காகிதம். இவ்வகைக் காப்பு தற்போது எங்களிடம் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். நோய் வருமுன் சிகிச்சையின் செலவைக் கணிக்க வழி தெரியவில்லை. ஆயினும் கேள்வி கவனத்துக்குரியதாகையால் இயக்குநர்கள் முன் வைக்கப்பட்டு, கோப்பில் பாதுகாக்கப்படுகிறது. கீழே கையெழுத்து. கையெழுத்துக்கும் கீழே, வேறொருவரின் கையால் மையில் ஒரே வரி: குட்டி எப்படி இருக்கிறது?

"யார் சார் எழுதியது?"

"தெரியவில்லை. இந்தக் கையெழுத்தை நான் பார்த்ததில்லை." துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கேட்டிருக்கிறார்கள். பதில் எழுத வேண்டும் அல்லவா?"

சாயங்காலம் கடிதத்தின் நகலை வீட்டில் படித்துக் காட்டினேன். மோனிக்கா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு பதில் எழுதப் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னவாம்?" என்று லூர்து அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"நாய் எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

"யாரு?"

"லண்டன்ல."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவள் ஈரக்கையோடு வாசல்படிக்கு வந்தாள். அடுப்படியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். லண்டன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு ரெண்டு தரம் கஞ்சி குடிச்சான்னு எழுது," என்றாள் மோனிக்காவிடம். "கருவாடும் தின்னான்."

மறுநாள் கம்பெனித் தாளில் நான் அதை அப்படியே டைப் அடித்தேன். கருவாட்டுக்கு இங்கிலீஷ் தெரிந்தது, கஞ்சியைக் கஞ்சி என்றே விட்டேன். பெர்ரி துரை படித்துப் பார்த்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டார்.